காண்டோ சுவத்துல ஓட்டை போட எந்த டிரில் வாங்கலாம்? (பினாங்கு)

கேள்வி, 14 செப்டம்பர், இரவு 9.12

அண்ணே வணக்கம். ஆயர் ஈத்தாம் பக்கம் புது காண்டோவுக்கு (அடுக்குமாடி வீடு) சாவி வாங்கியிருக்கோம். தீபாவளிக்குள்ள கர்ட்டன், டிவி, சாமி மேடை எல்லாம் மாட்டணும். ஆள் கூப்பிட்டா ஓட்டைக்கு இவ்வளவுன்னு எண்ணி கேக்குறாங்க, அந்தக் காசுக்கு டிரில்லையே வாங்கிடலாம் போல. ஆன்லைன்ல 88 வோல்ட் ஹேமர் டிரில், ரெண்டு பேட்டரி, பெட்டி நிறைய பிட்டோட (டிரில் முன்னால மாட்டுற முனை) 100 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) கிடைக்குது. வோல்ட் கூடுனா பவரும் கூடும்தானே? வாங்கலாமா?

14 செப்டம்பர், இரவு 11.25

நான் அண்ணன் இல்ல தம்பி, அக்கா. என் புரொஃபைல் படத்துல டிரில்லைப் பாத்துட்டு முடிவு பண்ணிட்டீங்க, பரவால்ல.

அந்த 88 வோல்ட் வேணாம். லித்தியம் செல் ஒன்னு 3.6 வோல்ட். அஞ்சு செல்லை வரிசையா கோத்தா 18 வோல்ட். அதே அஞ்சு செல் ஃபுல் சார்ஜ்ல இருக்கும்போது 20 வோல்ட் பக்கம் காட்டும், அதனால சில கம்பெனி 18ன்னு போடுவான், சிலது 20ன்னு போடுவான், உள்ள ஒரே சரக்கு. நெசமா 88 வோல்ட் வேணும்னா இருபது செல்லுக்கு மேல கோக்கணும், அது உள்ளங்கையில அடங்குற பேட்டரிக்குள்ள எப்படி போகும்? டப்பாவுல அச்சடிச்ச நம்பர் அது, அவ்வளவுதான். 199ன்னு போட்டதெல்லாம் கூட பாத்திருக்கேன்.

15 செப்டம்பர், காலை 7.10

பஸ்ஸுக்கு நிக்கிறேன், சுருக்கமா சொல்றேன். டிரில் அப்புறம், முதல்ல சுவத்தைப் பாருங்க. விரல் முட்டியால நல்லா தட்டுங்க. முட்டி வலிச்சு சத்தமே வரலன்னா கான்கிரீட். உள்ள காலியா டொக்குன்னு கேட்டா பிளாஸ்டர்போர்டு. நடுவாந்தரமா இருந்தா செங்கல்லோ பிளாக்கோ. இதைச் சொல்லாம யாராவது "இந்த மாடல் வாங்குங்க"ன்னா நம்பாதீங்க.

15 செப்டம்பர், இரவு 8.50

இப்ப உக்காந்து எழுதுறேன். நம்ம ஊர்ல பழைய தெரு வீடுங்க பெரும்பாலும் செங்கல் சுவர், மேல சிமெண்டு பூச்சு. கொஞ்சம் பிந்தி வந்த தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுங்கள்ல சிமெண்டு மணல் கல்லும் உண்டு. இந்த ரெண்டுக்கும் சாதாரண ஹேமர் டிரில் (சுத்திக்கிட்டே அடிக்கிறது) தாராளமா போதும். புது காண்டோல நிறைய இடத்துல கல்லே வைக்கிறதில்ல, அச்சு கட்டி சுவரையே கான்கிரீட்டா ஊத்திடுறாங்க. அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறது. டிரில் நல்லாதான் சுத்தும், கை வலிக்கும், பிட்டு நுனி கருத்துப்போகும், ஓட்டை மட்டும் அரை இன்ச்சுக்கு மேல இறங்காது. உடனே டிரில் சரியில்லைன்னு கடைக்காரனை திட்டுவோம்.

தட்டிப் பாத்தும் சந்தேகமா இருந்தா கர்ட்டனுக்குப் பின்னால மறையிற இடத்துல 5 மி.மீ. பிட்டு வச்சு சின்னதா ஒன்னு போட்டு, கீழ ஒரு காகிதத்தை மடிச்சு டேப் ஒட்டி விழுற தூளைப் பாருங்க. முதல்ல வர்றது பூச்சு, அது எல்லா வீட்லயும் சாம்பல் வெள்ளையாதான் வரும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு சென்டிமீட்டர் தாண்டுன பிறகு வர்றதுதான் கணக்கு. செவப்பா வந்தா செங்கல். சாம்பல் கலர்ல மாவு மாதிரி மெதுவா, கஷ்டப்பட்டு வந்தா கான்கிரீட். சாம்பல்தான் ஆனா மணல் மாதிரி பொலபொலன்னு சீக்கிரம் கொட்டுனா சிமெண்டு கல். வெள்ளைத் தூளா வந்து பிட்டு வெண்ணெயில போற மாதிரி போனா லைட்வெயிட் பிளாக், அதுல ஹேமர் மோடு போடவே கூடாது, ஓட்டை பெருசாகி வால் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள்ள சொருகுற பிளாஸ்டிக்) கழண்டு வந்துரும்.

தம்பி, தட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

17 செப்டம்பர், இரவு 10.05

சரி, முட்டி வலிக்குதுன்னு எழுதிட்டீங்க. அப்ப ஹால் சுவர் கான்கிரீட், அதுக்கு ரோட்டரி ஹேமர் வேணும். "ஹேமர் டிரில்லும் ரோட்டரி ஹேமரும் ஒன்னுதானே, ரெண்டும் அடிக்குமே"ன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். இல்லங்க.

ஹேமர் டிரில்லுக்குள்ள பல்லு பல்லா வெட்டுன ரெண்டு தட்டு இருக்கும். ஒன்னு மேல ஒன்னு உருளும்போது கடகடன்னு குதிக்கும், அந்தக் குதிப்புதான் அடி. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல அடிக்கும், ஆனா ஒவ்வொரு அடியும் சின்னது, நீங்க பின்னால இருந்து தள்ளுனாதான் அதுவும் சுவத்துக்குப் போகும். உங்க தோளுதான் அங்க சுத்தியல். ரோட்டரி ஹேமர்ல பிஸ்டன் இருக்கு. அது காத்தை அழுத்தி, அந்தக் காத்து ஒரு இரும்புக் கட்டையைத் தள்ளி, அது பிட்டோட பின்னால அடிக்கும். அடி எண்ணிக்கை கம்மி, ஒவ்வொன்னும் கனம். நீங்க பிடிச்சு நேரா காட்டுனா போதும், தள்ளத் தேவையில்ல, தள்ளுனா இன்னும் மெதுவாதான் போகும். ஹேமர் டிரில்லோட ஒரு நிமிஷத்துக்கு மேல மல்லுக்கட்டுற கான்கிரீட் ஓட்டை இதுல சில செகண்டுல முடிஞ்சிரும்.

சத்தத்துலயே தெரியும். ஹேமர் டிரில் கீச்சுன்னு கத்தும், ரோட்டரி ஹேமர் தடதடன்னு தாழ்ந்த குரல்ல போகும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ரெண்டும் ஒன்னுதான்.

17 செப்டம்பர், இரவு 10.20

விட்டுப்போச்சு: ரோட்டரி ஹேமருக்கு எஸ்டிஎஸ் பிளஸ் பிட்டு வாங்கணும், தண்டு 10 மி.மீ. தடிமன், பக்கத்துல காடி வெட்டியிருக்கும், தள்ளுனா டக்குன்னு உக்காந்துக்கும். சாதாரண டிரில் சக்குல (பிட்டைப் பிடிச்சு இறுக்குற வாய்) அதைச் சொருகி முறுக்காதீங்க. அந்த பிட்டு உள்ள கொஞ்சம் முன்ன பின்ன ஆடும், பழுதுன்னு நினைச்சு கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, அது அப்படித்தான் இருக்கணும்.

18 செப்டம்பர், மதியம் 1.15

"அப்ப எதைத்தான் வாங்க?" வாங்கவே வேணாம்னு கூட சொல்வேன், கான்கிரீட்டுக்கு மட்டும். கர்ட்டன், டிவி, மேடை, கண்ணாடி, எல்லாத்துக்கும் பென்சில்ல குறி போட்டு வச்சுக்கிட்டு ஒரு சனிக்கிழமை ரோட்டரி ஹேமரை இரவல் வாங்கி எல்லாத்தையும் ஒரே மூச்சுல போட்டு முடிச்சிடுங்க. சொந்தக்காரங்கள்ல யாராவது ஏர்கான் மாட்டுறவர், வயர்மேன், கிரில் செய்றவர் இல்லாம இருக்க மாட்டாங்க. பிட்டை மட்டும் உங்க காசுல புதுசா வாங்கிட்டுப் போங்க, அவரோட பிட்டை மழுக்கிக் கொடுத்தா அடுத்த தடவ தர மாட்டார்.

சொந்தமா வாங்கியே தீருவேன்னா மக்கித்தா கம்பெனி எச்ஆர்2470 மாதிரி 780 வாட், கான்கிரீட்ல 24 மி.மீ. ஓட்டை வரைக்கும் போடுற ரகம் போதும், அதுக்கு மேல வீட்டுக்கு எதுக்கு. வீட்ல தினப்படி வேலைக்கு இது ஒத்து வராதுங்கிறதையும் யோசிச்சுக்குங்க. கிட்டத்தட்ட மூணு கிலோ கனம், அலமாரி கீலு ஸ்க்ரூ முடுக்க இதைத் தூக்கிட்டு நிக்க முடியாது.

20 செப்டம்பர், இரவு 9.40

தினப்படி வேலைக்கு என்னன்னு நிறைய பேர் கேட்டாச்சு. என் கையில இருக்கிறது 12 வோல்ட் சின்ன டிரில். மூணு செல், அதாவது 10.8 வோல்ட், அதையும் ஃபுல் சார்ஜ் கணக்குல 12ன்னு போடுறாங்க. பேட்டரியோட ஒரு கிலோ பக்கம். எங்க வீட்டுக்காரர் 18 வோல்ட் வேணும்னு வாங்கி வச்சிருக்கார், அது ஸ்டோர்ல தூங்குது, என்னோடதை இரவல் கேக்குறார். ஏணி மேல நின்னு ஒரு கையால தலைக்கு மேல பிடிக்கும்போதுதான் அரைக் கிலோவோட அருமை தெரியும்.

ஆனா ஒன்னு. செங்கல் சுவர் வீடு, கையில காசு கம்மி, வருஷத்துல என்னைக்கோ ஒரு நாள்தான் எடுப்பீங்கன்னா பேட்டரி டிரில்லே வேணாம். வயர் வச்ச ஹேமர் டிரில், 13 மி.மீ. சக்கு, 500லேருந்து 700 வாட், தெரிஞ்ச பிராண்டு. பத்து வருஷம் அலமாரியில கிடந்தாலும் எடுத்து சொருகுனா சுத்தும். பேட்டரி அப்படி இல்ல, சார்ஜ் இல்லாம வருஷக்கணக்கா போட்டு வச்சா செத்துரும். பேட்டரி செத்தா புதுசு வாங்குறதுக்குள்ள டிரில் விலையில பாதி போயிரும். வயர் டிரில்ல தேயுறது கார்பன் பிரஷ்தான் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்குற கரித் துண்டு), அதை ஹார்ட்வேர் கடையில சில வெள்ளிக்கு வாங்கி நம்மளே மாத்திக்கலாம், காத்து ஓட்டை வழியா நெருப்புப்பொறி அதிகமா தெரிய ஆரம்பிச்சா தேய்ஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

நான் போய் பேட்டரி டிரில்லுக்கு எதிரா எழுதுறேன்னு சிரிக்காதீங்க. எனக்கு வாரா வாரம் ஏதாவது ஒரு வேலை இருக்கும், அதனால கட்டுப்படியாகுது.

வயர் டிரில் வாங்கும்போது எஸ்டி சிரிம் லேபிள் ஒட்டியிருக்கான்னு பாருங்க. வீட்டு உபயோக கை டூலுக்கு மலேசியால எனர்ஜி கமிஷன் அனுமதி வேணும், அதுக்கு அடையாளம்தான் அந்த லேபிள். மூணு முனை பிளக்கு இல்லாம ரெண்டு முனையோட வந்து "அடாப்டர் இனாம்"னு இருந்தா விட்டுருங்க.

20 செப்டம்பர், இரவு 9.55

போஷ் டிரில் பெட்டியில மேட் இன் மலேசியான்னு போட்டிருக்கே, போலியான்னு கேட்டவருக்கு: நம்ம பினாங்கு பாயான் லெப்பாஸ்ல அவங்க பவர் டூல் ஃபேக்டரியே இருக்குங்க. உங்க பக்கத்து வீட்டக்கா செஞ்சதா கூட இருக்கலாம்.

21 செப்டம்பர், மாலை 6.30

பிட்டு. பெட்டி நிறைய பிட்டுன்னு சேத்துக் கொடுப்பாங்களே, அதுல பாதி எதுக்குன்னு கொடுத்தவனுக்கே தெரியாது. சுவத்துக்கு நுனியில கார்பைடு துண்டு வச்சு ஒட்டுன மேசனரி பிட்டு: 5, 6, 8 மி.மீ., அவ்வளவுதான் வீட்டுக்கு வேணும், டிவிக்கு 10. இரும்புக்கு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டு. பலகைக்கு, நுனி நடுவுல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற பிட்டு. ஒன்னை ஒன்னுல போட்டு பாக்காதீங்க. எச்எஸ்எஸ்ஸை சுவத்துல வச்சா அடுத்த ஓட்டைக்கு அது ஆணி.

கிரில் கதவுல ஓட்டை போடணும்னா ஹேமரை அணைங்க, முதல்ல ஆணியும் சுத்தியலும் வச்சு சின்னதா ஒரு பள்ளம் தட்டிக்குங்க, இல்லாட்டி நுனி வழுக்கி பெயின்ட்டைக் கீறிரும். ஒரு சொட்டு எண்ணெய், மெதுவான ஸ்பீடு, நல்லா அழுத்தம். சுருள் சுருளா இரும்பு வந்தா சரியா போகுது. தூளும் புகையும் வந்தா பிட்டு வேகுது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா இன்னும் மெதுவா, கோபால்ட் கலந்த பிட்டு.

பழைய வீட்டு நிலை செங்கால் மரமா இருக்கும், நம்ம ஊர் கெட்டி மரம். முன் ஓட்டை போடாம ஸ்க்ரூ ஏத்துனா ஸ்க்ரூ தலை அறுந்து கையில வரும், மரம் சும்மா நிக்கும்.

21 செப்டம்பர், இரவு 11.00

பாத்ரூம் டைல்ஸ் கேட்டிருந்தீங்க. இதை மட்டும் மெதுவா படிங்க.

டைல் மேல மாஸ்கிங் டேப் ரெண்டு பட்டை குறுக்கும் நெடுக்குமா ஒட்டி அதுக்கு மேல பென்சில்ல குறி. டைல் ஓரத்துலேருந்து ரெண்டு விரக்கடையாவது உள்ள தள்ளி. ஹேமர் கட்டாயம் அணைஞ்சிருக்கணும், நான் பட்டனைப் பாத்துட்டு இன்னொரு தடவ தொட்டும் பாப்பேன். நுனியை குறியில வச்சு டிரிக்கரை லேசா, சுத்துதா இல்லையாங்கிற அளவுக்கு அழுத்தணும். முதல்ல டேப்பு சுருண்டு வரும், அப்புறம் பளபளப்பு போய் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும், அந்தப் புள்ளிதான் பிடி. அது வந்த பிறகு நுனி நகராது. கொஞ்ச கொஞ்சமா ஸ்பீடு கூட்டுங்க, ஆனா அழுத்தம் கூட்டாதீங்க. ஒரு கட்டத்துல சத்தம் மாறி, கீச்சு நின்னு பொத்துன்னு பிட்டு உள்ள இறங்கும், டைல் முடிஞ்சிருச்சு. நிறுத்துங்க. பிட்டை மாத்தி சுவர் பிட்டு போட்டு, அதுக்கப்புறம்தான் ஹேமர்.

சாதாரண செராமிக்குக்கு ஈட்டி முனை பிட்டு போதும். இப்ப காண்டோல போடுறது பெரும்பாலும் போர்சலின், அதுல ஈட்டி முனை சுத்திக்கிட்டே இருக்கும், ஒன்னும் நடக்காது. குழாய் மாதிரி வட்டமா இருக்கிற டைமண்ட் பிட்டு வாங்கிக்குங்க. அது சூடானா செத்துரும், ஸ்பாஞ்சை நனைச்சு ஓட்டைக்கு மேல பிடிச்சு தண்ணி சொட்ட விடணும். அதுக்கு நடுவுல முனை இல்லாததால முதல்ல சாய்ச்சு வச்சு பிறை மாதிரி ஒரு கீறல் வந்ததும் நிமித்தணும். தண்ணி ஊத்துறதால இங்க பேட்டரி டிரில்தான், வயர் டிரில் வேணவே வேணாம்.

அதை விட நல்லது, டைலை விட்டுட்டு டைலுக்கு நடுவுல இருக்கிற கோட்டுல போட முடியுமான்னு பாருங்க. சின்ன கொக்கிக்கு அது போதும்.

28 செப்டம்பர், மாலை 5.15

வால் பிளக் கலரு. இங்க கடையில கிடைக்கிற பழைய பிரிட்டிஷ் வழக்கம்: மஞ்சளுக்கு 5 மி.மீ., செவப்புக்கு 6, பிரவுனுக்கு 7, நீலத்துக்கு 10. விரலால அமுக்குனதும் முழுசா போயிட்டா ஓட்டை பெருசு. சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி உள்ள போகணும். இன்னொன்னு, பிளக்கு பூச்சுல மட்டும் உக்காந்திருந்தா பிரயோஜனம் இல்ல, பூச்சைத் தாண்டி கல்லுக்குள்ள போயிருக்கணும், அதனால ஓட்டை ஆழமா போட்டு பிளக்கை சுவர் மட்டத்துக்குக் கீழ தள்ளி விட்டு நீள ஸ்க்ரூ போடுங்க. ஓட்டைக்குள்ள தூளை எடுத்துருங்க, வாயால ஊதாதீங்க, கண்ணுக்குள்ளயே வரும், சைக்கிள் பம்போ வாக்கும் கிளீனரோ போதும். மாஸ்க் போட்டுக்குங்க, கான்கிரீட் தூள்ல சிலிக்கா இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது.

இதுல ஒரு கதை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல சித்தப்பா வாடகைக்கு இருக்கிற பழைய கடைவீட்டுல சாமி படம் மாட்ட ஆணி தேடிக்கிட்டிருந்தப்ப சுவத்துல பெயின்ட்டுக்குள்ள சதுரமா ஏதோ மேடு தெரிஞ்சுது. சுரண்டிப் பாத்தா மரம். தீப்பெட்டியில பாதி அளவு மரக்கட்டையை சுவத்துல குடைஞ்சு அடிச்சு வச்சு, அதுல ஆணி. வால் பிளக் வர்றதுக்கு முன்னால எல்லா ஊர்லயும் இப்படித்தான் செஞ்சிருக்காங்க. 1911 வாக்குல லண்டன்ல ஜான் ராலிங்ஸ்ங்கிறவர் பிரிட்டிஷ் மியூசியம் சுவத்துல மின்சார சாமான் மாட்டுற வேலையில, சுவத்தை இப்படிக் குடையக்கூடாதுன்னு சணல் நார்ல பிளக்கு செஞ்சார். நாம இப்ப போடுற நைலான் பிளக்கு ஜெர்மனிக்காரர் ஆர்தர் ஃபிஷர் 1958ல கொண்டு வந்தது. சித்தப்பா வீட்டு மரக்கட்டை ரெண்டு பேருக்கும் முந்துனதா இருக்கலாம், இன்னும் ஆடல. சாமி படத்தை அதுலயே மாட்டிட்டு வந்துட்டோம்.

28 செப்டம்பர், இரவு 8.00

அந்த மாதிரி ஜார்ஜ்டவுன் பழைய வீட்ல இருக்கிறவங்க ஹேமர் மோடு போடாதீங்க. சுண்ணாம்புச் சாந்து, மெத்துன்னு பழைய செங்கல், அதிர்ச்சிக்குப் பூச்சு தட்டு தட்டா கழண்டு விழும். ஹேமர் இல்லாம மெதுவா சுத்தவிட்டாலே இறங்கும். 2008லேருந்து அந்தப் பகுதி யுனெஸ்கோ பாரம்பரிய இடம், அதனால வெளி முகப்புல போர்டு கீர்டு மாட்டுறதுக்கு முன்னால வீட்டு ஓனரையும் மாநகர் மன்றத்தையும் கேட்டுக்குங்க. பழைய வீட்டு சீலிங் சீட்டுல ஓட்டை போட நினைச்சா கொஞ்சம் நில்லுங்க, அஸ்பெஸ்டாஸா இருக்கலாம். அதை டிரில் பண்ணா தூள் நெஞ்சுக்குள்ள போகும். தொடாதீங்க.

4 அக்டோபர், காலை 10.20

வயர் எங்க போகுதுன்னு எப்படி தெரியும்? எங்கப்பா வயர்மேன், சின்ன வயசுலேருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம்: சுவிட்ச், பிளக் பாயிண்ட், லைட் எது இருந்தாலும் அதுக்கு நேர் மேல, நேர் கீழ, நேர் பக்கத்துல கை வைக்காதே. ஒழுங்கா வேலை செஞ்சவன் வயரை நேராதான் இழுத்திருப்பான். எல்லாரும் ஒழுங்கா செஞ்சிருப்பாங்களான்னு கேட்டா அப்பாவே சிரிப்பார். அதனால வயர் கண்டுபிடிக்கிற சின்ன டிடெக்டர் ஒன்னு வாங்கி சுவத்துல ஓட்டிப் பாத்துக்கறது நல்லது, கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பிக்கும் அது கத்தும், அதையும் மனசுல வச்சுக்கணும். பாத்ரூம்ல தண்ணிக் குழாய்க்கும் அதே நேர்கோட்டுக் கணக்கு. ஹீட்டரைச் சுத்தி வேணவே வேணாம்.

வேலை ஆரம்பிக்கும் முன்னால மெயின் பெட்டியில இஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, டப்புன்னு விழணும். விழலன்னா முதல்ல வயர்மேனைக் கூப்பிடுங்க, டிரில் அப்புறம்.

4 அக்டோபர், காலை 10.45

"அதான் பேட்டரி டிரில்லாச்சே, ஷாக் அடிக்காதே"ன்னு கீழ ஒருத்தர். பேட்டரி அடிக்காது, சுவத்துக்குள்ள இருக்கிற 230 வோல்ட் அடிக்கும்ங்க. பிட்டு இரும்பு, சக்கு இரும்பு.

6 அக்டோபர், இரவு 9.30

மேனேஜ்மென்ட் (காண்டோ நிர்வாகம்) விஷயம். சாவி வாங்கும்போது கொடுத்த புத்தகத்துல ரெனவேஷன் நேரம் போட்டிருக்கும், படிங்க. எங்க இடத்துல வார நாள்ல சாயங்காலம் 5 மணி வரைக்கும், சனிக்கிழமை மதியம் 1 மணி வரைக்கும், ஞாயிறு கிடையாது. வேலைக்குப் போறவங்க எப்பதான் ஓட்டை போடுறதுன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன், லீவு போடுங்கன்னு பதில். கீழ் வீட்டு ஆன்ட்டி கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டா பாதி பிரச்சனை கிடையாது. கான்கிரீட்ல சத்தம் பக்கத்து வீட்டோட நிக்காது, நாலு மாடி தள்ளியும் போகும், யாரு வீட்டுலேருந்து வருதுன்னு யாருக்கும் தெரியாம எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்படுவாங்க.

தூண்லயும் பீம்லயும் சின்ன கொக்கி ஓட்டைக்கு மேல எதுவும் வேணாம்.

9 அக்டோபர், இரவு 10.10

குழந்தைத் தொட்டில் ஸ்பிரிங்குக்கு சீலிங்ல கொக்கி போடலாமான்னு ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. கான்கிரீட் தளம்னா போடலாம், ஆனா பிளாஸ்டிக் பிளக்குல கண்டிப்பா வேணாம். தலைக்கு மேல தொங்குறது, அதுவும் நாள் பூரா மேல கீழ ஆடுறது, பிளாஸ்டிக் கொஞ்ச கொஞ்சமா நழுவும். இரும்பு ஆங்கர் கொக்கி, முடுக்க முடுக்க உள்ள விரியிற ரகம், அது கேக்குற அளவுக்கு சரியா ஓட்டை. பிளாஸ்டர் சீலிங்னா அதுக்கு மேல இருக்கிற தளத்துல மாட்டணும், அதுக்கு ஆள் கூப்பிடுங்கம்மா. இல்லாட்டி தரையில நிக்கிற இரும்பு ஸ்டாண்டு வாங்கிடுங்க. பிள்ளை விஷயத்துல எனக்குத் துணிச்சல் பத்தாது.

12 அக்டோபர், மாலை 4.00

தீபாவளி நெருங்குது, எல்லாரும் கர்ட்டன் மாட்ட ஆரம்பிச்சிருப்பீங்க. கைலி கட்டிக்கிட்டு ஏணியில ஏறாதீங்கப்பா. பொம்பளைங்க துப்பட்டாவைக் கழட்டி வச்சுட்டு முடியை முடிஞ்சுக்குங்க. துணி கையுறை வேணாம், பாதுகாப்புன்னு நினைச்சுப் போடுறோம், நூல் பிட்டுல மாட்டுனா கையையும் சேத்து இழுக்கும். கண்ணுக்கு கண்ணாடி போடுங்க, தலைக்கு மேல ஓட்டை போட்டா தூள் அத்தனையும் முகத்துலதான்.

ரோட்டரி ஹேமர் இரவல் வாங்குனவங்க பக்கவாட்டு கைப்பிடியைக் கழட்டாம பிடிங்க. பிட்டு கம்பியில மாட்டி நின்னா மெஷின் சுத்தும், உங்க மணிக்கட்டோட.

13 அக்டோபர், இரவு 11.50

தம்பி எழுதியிருக்கார்: மூணு ஓட்டை சரியா போச்சு, நாலாவது 3 சென்டிமீட்டர்ல நின்னு போச்சாம், தூளும் வரலையாம், சத்தம் மட்டும் மணி அடிக்கிற மாதிரி. கம்பி தம்பி. நிறுத்துங்க, பிட்டு நுனி போயிரும். மேலயோ பக்கத்துலயோ ஒரு நாலு சென்டிமீட்டர் நகத்திப் போடுங்க. கர்ட்டன் பிராக்கெட்டுக்கு மேல கீழ ரெண்டு ஓட்டை இருக்குமே, நீள ஓட்டை வச்ச பிராக்கெட்டா மாத்துனா நகத்த இடம் கிடைக்கும். வேணாத ஓட்டையை ஃபில்லர் வச்சு அடைச்சிடுங்க, பிராக்கெட்டே மறைச்சிரும்.

டிவி பிராக்கெட்டோட கம்பெனியே ஸ்க்ரூ பிளக்கெல்லாம் கொடுத்திருக்கும், அது கேக்குற சைஸ்லயே போடுங்க, 10ன்னு போட்டிருந்தா 8ல போட்டு அமுக்காதீங்க.

25 அக்டோபர், மதியம் 2.30

பலகாரம் தின்னு முடிச்சு இப்பதான் வர்றேன். டார்க் (முறுக்கு விசை) நம்பர் பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு பதில் சொல்லவே இல்ல. சக்குக்குப் பின்னால 1லேருந்து 15, 20ன்னு வளையம் இருக்கே, அது ஸ்க்ரூவுக்கு. அந்த அளவு இறுக்குனதும் கடகடன்னு நழுவி நின்னுக்கும். கிச்சன் கேபினட் கீலுக்கெல்லாம் 3, 4ல வச்சு ஆரம்பிச்சு ஏத்துங்க, சிப்போர்டுல ஒரு தடவ ஸ்க்ரூ வழுக்கிருச்சுன்னா அந்த ஓட்டை போச்சு. ஓட்டை போட டிரில் படம் இருக்கிற இடத்துக்குத் திருப்பணும். நிறைய பேர் வளையத்தை 5ல வச்சுக்கிட்டு சுவத்துல டிரில் சுத்த மாட்டேங்குதுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறாங்க. மேல 1, 2ன்னு இருக்கிற பட்டன் கியர், 1 மெதுவா ஆனா பலமா, ஸ்க்ரூவுக்கும் இரும்புக்கும். 2 வேகம், சுவத்துக்கும் சின்ன பலகை ஓட்டைக்கும். ஓடும்போது மாத்தாதீங்க.

2 நவம்பர், இரவு 9.05

புதுக்கோட்டையில இருக்கிற மாமாவுக்கு டிரில் வாங்கிட்டுப் போலாமான்னு கேட்டவருக்கு. போலாம். அங்கயும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், சார்ஜர் ஓடும், பிளக்கு முனைதான் உருண்டை, அடாப்டர் அங்கயே வாங்கிக்கலாம். தனியா இருக்கிற பேட்டரியை லக்கேஜ்ல போடக்கூடாது, கைப்பையில எடுத்துக்கணும், முனை ஒன்னோட ஒன்னு உரசாம டேப்பு ஒட்டிக்குங்க. 100 வாட் அவர் (வோல்ட்டை ஆம்ப் அவரால பெருக்குனது) வரைக்கும் பொதுவா விடுவாங்க: 18 வோல்ட் 4 ஆம்ப் அவர்னா 72, 5 ஆம்ப் அவர்னா 90, ரெண்டும் உள்ளதான். எத்தனை பேட்டரின்னு ஏர்லைன்ல ஒரு தடவ கேட்டுக்குங்க. டிரில்லும் பிட்டும் லக்கேஜ்ல, கைப்பையில இருந்தா பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்லயே எடுத்து வச்சுக்குவாங்க. அந்த 88 வோல்ட்டை மட்டும் மாமாவுக்கு வாங்கிட்டுப் போயிடாதீங்க, அங்கயும் அதைத்தான் விக்கிறானுங்களாம்.